அந்தக் கூம்புக்கு முகம் கிடையாது

கேள்வி: எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் ஒருவர், “இன்றோடு விடைபெறுகிறேன், எல்லோருக்கும் நன்றி” என்று எழுதியிருந்தார். வாழ்த்தாக இருக்கட்டுமே என்று, வண்ணத்தாள் சிதறுகிற கூம்பு எமோஜியை மூன்று போட்டேன். “நான் போறதுல அவ்வளவு சந்தோஷமா?” என்று கேட்டுவிட்டார். அதற்கு என்னதான் அர்த்தம்?
– பெயர் வேண்டாம்

பதில்: பயப்படாதீர்கள், எமோஜிக்கு அர்த்தம் சரிதான், போட்ட இடம்தான் வழுக்கிவிட்டது.

அதன் பெயர் பார்ட்டி பாப்பர். நூலை இழுத்தால் பட்டென்று வெடித்து, காகிதத் துணுக்குகளையும் சுருள் நாடாக்களையும் வாரி இறைக்கும் விளையாட்டுச் சாமான். எல்லாப் போன்களுக்கும் பொதுவான எழுத்து, எமோஜிப் பட்டியலான யூனிகோடில் 2010-ல் இடம்பிடித்தது. கூடவே வந்தது, பிளந்து வண்ணத்தாள் கொட்டும் உருண்டை. ஜப்பானில் விழாக்களில் தொங்கவிடும் ‘குசுதாமா’ அது. பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள், பாதகமில்லை. தொப்பி மாட்டி ஊதியை வாயில் வைத்த மூஞ்சி 2018-ல்தான் வந்தது.

அந்த மூஞ்சியைப் போட்டால் “நான் குஷியாக இருக்கிறேன்” என்று அர்த்தம். கூம்புக்கு முகம் இல்லை. “கொண்டாட வேண்டிய செய்தி” என்று மட்டும் சொல்லும். கொண்டாடுவது யார், எதற்காக என்பதைப் படிப்பவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். உங்கள் மூத்தவர் நிரப்பியது உங்களை!

இந்த வம்பில் மாட்டியவர் நீங்கள் மட்டுமல்ல. 2018-ல் இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் நிலநடுக்கம். ‘செலாமத்’ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் ‘பத்திரம்’ என்றும் பொருள், ‘வாழ்த்துகள்’ என்றும் பொருள். பத்திரமாக இருக்க வேண்டுமே என்று பதறி எழுதியவர்களின் பதிவுகளில், அதை வாழ்த்தென்று எடுத்துக்கொண்டு ஃபேஸ்புக் தானாகவே பலூனும் வண்ணத்தாளும் பறக்கவிட்டது. பிறகு வருத்தம் தெரிவித்து, அங்கே அந்த வசதியை நிறுத்தியது.

குழந்தை பிறந்தது, தேர்வில் தேறியது, பதவி உயர்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். விடைபெறுதல், பணி ஓய்வு, வீடு மாற்றம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். எழுதியவரே கொண்டாட்டத் தொனியில் எழுதியிருக்கிறாரா? “நன்றி” என்று முற்றுப்புள்ளி வைத்து முடித்திருந்தால், வண்ணத்தாளுக்கு முன்னால் உங்கள் சொந்த வரி ஒன்றாவது வேண்டும். மூன்று எதற்கு என்பது தனிக் கேள்வி. பார்வையற்றவர்களின் போனில் திரைவாசிப்பான் அதன் பெயரை வாய்விட்டுப் படிக்கும். பத்து போட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

இப்போது செய்ய வேண்டியது: குழுவில் விளக்கம் எழுதாதீர்கள், வேடிக்கை பார்க்க ஆள் கூடும். அவருக்குத் தனியாக அனுப்புங்கள்: “அவசரத்தில் போட்டுவிட்டேன், மன்னியுங்கள். இனிமேல் சந்தேகம் வந்தால் யாரிடம் ஓடுவேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.” எமோஜி எதுவும் வேண்டாம்.