போன முன்பல்லின் இடத்தில் இன்னொரு சொந்தப் பல்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் போய்விட்டது. அங்கே எலும்பும் ஒடுங்கிவிட்டதாம். 18 வயதில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். அவனுடைய பல் ஒன்றையே எடுத்து நடலாம், எலும்பும் வளரும் என்கிறார் இன்னொருவர். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள்.

இப்போது இம்பிளான்ட் வேண்டாம் என்றது சரிதான். அது எலும்போடு இறுகிவிடும். தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும். இது மட்டும் ஏறிப்போனது போல் நிற்கும். எலும்புத்தூளை மட்டும் வைத்தாலும் அது தாடையோடு சேர்ந்து வளராது.

நடுவதற்கு ஏற்றது முன்கடைவாய்ப் பல், அதாவது கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கடைவாய்ப் பல். க்ளிப் போடுவதற்காக எப்படியும் பிடுங்கவேண்டிய பல்லாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன் வேர் பாதியிலிருந்து முக்கால்வரை வளர்ந்து, நுனி திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பு வழியாக ரத்தக்குழாய்கள் உள்ளே புகுந்தால் பல் உயிரோடு இருக்கும், ரூட் கேனால் பெரும்பாலும் தேவைப்படாது. 13, 14 வயதில் நுனி மூடத் தொடங்கிவிடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எலும்பு எங்கிருந்து வரும்? அப்போதுதான் எடுத்த பல்லின் வேரைப் பார்த்தால், இளஞ்சிவப்பாக ஈரமான ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். எலும்பை உண்டாக்கும் செல்கள் அதில்தான் இருக்கின்றன. அது காயக்கூடாது, நசுங்கவும் கூடாது. ஸ்கேனை வைத்து அதே பல்லின் அச்சு நகலை 3டி பிரின்டரில் எடுத்து, பல் நடும் குழியை முதலில் நகலுக்குப் பொருந்தும்படி தயார் செய்வார்கள். நிஜப் பல் வெளியே இருப்பது சில நிமிடம்தான். குழியின் வெளிச்சுவர் ரொம்ப மெலிந்திருந்தால், அங்கேயே சுரண்டிய அவனுடைய எலும்புத் துணுக்குகளை வேருக்கு வெளியே வைப்பார்கள்.

அப்புறம் ஒன்றிரண்டு வாரம் தையலாலோ மெல்லிய கம்பியாலோ பிடித்து வைப்பார்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, பல் லேசாக அசைந்தால்தான் சவ்வு ஆறும். முன்பல் போன்ற வடிவத்தைப் பிறகு காம்போசிட்டில் (பல் நிறப் பூச்சுப் பொருள்) கொடுக்கலாம்.

இதிலும் ஆபத்து உண்டு. வேர் கரையலாம், அல்லது எலும்போடு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய பல்லைத் தட்டினால் உலோகம் போலக் கணீரென்று கேட்கும். ஆகவே எக்ஸ்ரேயுடன் தொடர்ந்து போய்க் காட்டவேண்டும். ஆனாலும் நார்வேயின் ஓஸ்லோவில் இப்படி நட்ட பற்களை 17 முதல் 41 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 90 சதவீதம் வாயில் இருந்தன.

இந்த மாதமே ஒரு ஓபிஜி எக்ஸ்ரே (எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரிவது) எடுங்கள். க்ளிப் போடும் டாக்டரும் அறுவை செய்பவரும் சேர்ந்து அதைப் பார்க்கட்டும். இதுவரை எத்தனை பல் நட்டிருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.