வெங்கச்சங்கல்: கேட்டதும் சொன்னதும்

கேட்டவர்கள் நீலகிரிக்காரர்கள். பதில் சொல்லும் நான் பல வருடம் நிலவியல் பாடம் நடத்தியவன்.

கோத்தகிரி அம்மா: தேயிலைக்குக் கொத்திவிடும்போது வெள்ளைக் கற்களாக வருகின்றன. சுண்ணாம்புக் கல்லா சார்?

இல்லம்மா, அது வெங்கச்சங்கல். குவார்ட்ஸ் என்பதும் அதுதான். பழைய கண்ணாடி பாட்டிலில் அதை வைத்துக் கீறிப் பாருங்கள், கோடு விழும். கத்தி முனையால் கல்லைக் கீறினால் கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறத்தில் கல்மேல் ஒட்டும். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 7. சுண்ணாம்புக் கல்லுக்கு 3தான்.

குன்னூர் ஆசிரியை: செம்மண்ணுக்குள் அது மட்டும் எப்படி வெளுப்பாகவே இருக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் மலை சார்னோக்கைட் பாறை. மழை ஊறி ஊறி அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது, இரும்புள்ள கனிமங்கள் துருவேறிச் சிவக்கின்றன. குவார்ட்ஸை மழைநீர் அசைப்பதில்லை. ரோடு போட வெட்டிய மண்சரிவில் மழை விட்டதும் பாருங்கள். செம்மண்ணில் விரல் இறங்கும். அதன் நடுவே சாய்வாக ஓடும் வெள்ளை நரம்பு விரலைத் தடுக்கும். பாறை ஆழத்தில் கிடந்த காலத்தில், குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா கரைந்த வெந்நீர் வெடிப்புகளில் புகுந்து, ஆறும்போது விட்டுப்போன படிவு அது. உள்ளே பொந்து இருந்த இடத்தில் மட்டும் ஆறுபட்டைப் படிகமாக வளரும்.

தேவாலா தம்பி: இந்தக் கல்லில் தங்கம் உண்டு என்கிறார்களே?

உண்டு. அதே வெந்நீர்தான் தங்கத்தையும் கொண்டுவந்தது. 1880 வாக்கில் பந்தலூர், தேவாலாப் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் படையெடுத்து, சில வருடத்திலேயே கடையைக் கட்டின. நீ பார்க்கும் மஞ்சள் மினுமினுப்பு பெரும்பாலும் பைரைட் என்ற இரும்புக் கனிமம், அல்லது காக்காப்பொன் எனும் மைக்கா. சுத்தியலால் தட்டு: தங்கம் தகடாகும், பைரைட் பொடியாகும். ஆனால் பழைய சுரங்கத்துக்குள் மட்டும் போகாதே தம்பி. மண் சரிந்தால் வெளியே வர வழியில்லை. இந்தக் கல்லை இடிக்கும் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் தரும், அதைக் குணமாக்க மருந்தில்லை. உன் வீட்டில் யாராவது இடிக்கிறார்கள் என்றால் இன்றே நிறுத்தச் சொல்.

ஊட்டி மாணவி: வாட்ச்சில் குவார்ட்ஸ் என்று போட்டிருக்கிறதே, இதே கல்லா?

அதே கனிமம், ஆலையில் வளர்த்த படிகம். மின்சாரம் பட்டால் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி அறுத்திருப்பார்கள். அழுத்தினால் இது மின்சாரம் தரும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள்.

அதே மாணவி: இருட்டில் ஒளிருமாமே?

இரண்டு கல்லை எடுத்து, விளக்கை அணைத்து, ஒன்றோடொன்று அழுத்தி உரசு. உரசும் இடத்தில் கல்லுக்குள்ளேயே மங்கலாக ஒளி எழும், கருகிய வாசனையும் வரும். சில் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.