சுடுவதா, பெட்டியிலேயே வைப்பதா?

கேள்வி: 1968-இல் வந்த வின்செஸ்டர் 94 ரைஃபிள் வாங்கினேன்; விசையடியில் உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டாவை உள்ளே தள்ளும் அமெரிக்கத் துப்பாக்கி. பழைய அமெரிக்கக் காட்டெருமை வேட்டைக்காரர் 'பஃபலோ பில்' நினைவுப் பதிப்பு. பெட்டி, காகிதமெல்லாம் இருக்கிறது. சுடப்படாதது. சுட்டுப் பார்க்க ஆசை, நண்பர்கள் தடுக்கிறார்கள்.
- வாசகர், டெக்சஸ்

பதில்: தாராளமாகச் சுடுங்கள், விலை இறங்கும் என்று தெரிந்தே சுடுங்கள். சுடக்கூட வேண்டாம், லீவரை நாலு தடவை இறக்கி ஏற்றினாலே உள்ளே உரசல் கோடு விழும். விவரமானவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அப்படி என்ன பெரிய விலை? 'நினைவுப் பதிப்பு' என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஃபலோ பில்லை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். பேரன் காலத்தில் பணமாகும் என்று வாங்கியவர்களில் பலர் பூட்டி வைத்தார்கள். இத்தனை பேர் பூட்டி வைத்தது எப்படி அரிதாகும்? சேகரிப்பவர்கள் அலைவது 1964-க்கு முந்தைய சாதாரண 94-க்கு. அந்த ஆண்டில்தான் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள். பழையவை மான் வேட்டைக்குப் போய் அடிபட்டவை; புதுசு மாதிரி இருப்பது சுலபத்தில் கிடைக்காது. அப்படி ஒன்று கையில் இருந்தால் நானே சுட விடமாட்டேன். நானும் வரிசை எண் போட்ட பேனா ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்தினேன். விற்கப் போனால் கடைக்காரர் நிப்புக்கு மட்டும் விலை சொன்னார்.

கேள்வி: மாமனார் தந்த 1950-களின் 94. மெருகு தேய்ந்துவிட்டது. புது மெருகு போட்டு விற்கலாமா?

பதில்: வேண்டாம். கூலியும் போகும், விலையும் போகும்.

கேள்வி: 'சுடாதது' என்று ஒரு லீவர் ரைஃபிளை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தேன். குழலில் கரி. தொழிற்சாலையில் சோதித்தபோது படிந்தது என்கிறார் விற்றவர்.

பதில்: தொழிற்சாலையில் சுட்டுச் சோதிப்பது உண்மைதான். அந்த உண்மைக்குள் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. உங்கள் மேல் தப்பில்லை. லீவர் உரசலைப் படமெடுங்கள், விளம்பரத்தைச் சேமித்துவையுங்கள், திருப்பித் தரும் கெடு முடியும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை சுடவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்.

கேள்வி: சலுகை விலையில் கூர்முனைத் தோட்டா பத்துப் பெட்டி வாங்கிவிட்டேன். 94-இல் போடலாமா?

பதில்: கூடாது! 94-இல் சுடும் குழலுக்குக் கீழே தோட்டா வைக்கும் தனிக் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னாலிருப்பதன் கடினமான கூர்முனை முன்னாலிருப்பதன் பிட்டத்தில், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து இருக்கும் இடத்தில், குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். இந்தக் கேள்வியை முதல் பெட்டிக்கு முன்னால் கேட்டிருக்கலாமே, ஐயா?