அமெரிக்காவின் சின்ன ஊர்களில்கூட டிசம்பர் வந்தால் ஏன் ‘நட்கிராக்கர்’ என்ற கிறிஸ்துமஸ் கதை பாலே நடன நாடகத்தைப் போடுகிறார்கள்?

முக்கியக் காரணம், அதில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரும் பிள்ளைகள், எலிகள், பொம்மைச் சிப்பாய்கள் என்று குட்டி வேடங்கள் ஏராளம், போன வருஷம்தான் பாலே வகுப்பில் சேர்ந்த குழந்தையைக்கூட எலி வால் கட்டி மேடையேற்றிவிடலாம். விருந்துக் காட்சியில் அப்பா அம்மாக்களே விருந்தாளிகளாக வருவதும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது மதர் ஜிஞ்சர் என்ற பெண் பாத்திரம் வரும் இடம்: பெரும்பாலும் ஓர் ஆண்தான் அந்த வேடம் கட்டுவார், சில ஊர்களில் மேயரே கட்டுவார், கூடாரம் மாதிரி விரிந்த பாவாடைக்குள்ளிருந்து பொடிசுகள் ஒவ்வொன்றாக ஓடிவந்து ஆடும்போது அரங்கமே கைதட்டும்.

சாய்கோவ்ஸ்கி இசையில் 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது இதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. அமெரிக்காவில் முழு பாலேவாக 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் போட்டார்கள், அப்புறம் 1954இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சின் நிறையக் குழந்தைகளை வைத்து அமைத்த பிறகு டிசம்பர் வழக்கமாகவே வேர்பிடித்துவிட்டது.

பணமும் ஒரு காரணம்தான். ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாத்தா பாட்டி, அத்தை மாமா என்று ஒரு கூட்டமே டிக்கெட் வாங்கும், அந்த வசூலை நம்பித்தான் பல சிறு பாலே குழுக்கள் வருஷம் முழுக்கத் தாக்குப்பிடிக்கின்றன.