அறிவுக்கு எவ்வளவு இடம்? – முஃதஸிலாக்களைப் பற்றி வாசகர் கேள்விகள்

அப்பாஸியர் காலத்துப் பக்தாதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலில், முஃதஸிலா என்ற இறையியல் பள்ளியைப் போகிற போக்கில் குறிப்பிட்டு, அவர்களை இஸ்லாமிய வரலாற்றின் பகுத்தறிவுவாதிகள் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி இத்தனை கடிதங்களைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பகுத்தறிவுவாதிகள் என்றால் முஃதஸிலாக்கள் கடவுளை மறுத்தவர்களா? அல்லது வேதத்தை ஓரளவு மட்டும் ஏற்றவர்களா? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: இரண்டும் இல்லை. அவர்கள் தங்களை நீதியையும் ஏகத்துவத்தையும் பற்றி நிற்பவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். ஒளி, இருள் என்ற இரு முதற்பொருள்களை நம்பிய மானி சமயத்தாரையும் படைப்பாளன் இல்லை என்று வாதிட்டவர்களையும் எதிர்த்து இஸ்லாத்தின் சார்பில் முன்வரிசையில் நின்று வாதாடியவர்களும் அவர்கள்தாம்.

பள்ளி தோன்றியது ஈராக்கின் பஸ்ரா நகரில். கலீஃபா உஸ்மான் 656இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பஸ்ராவுக்கு அருகிலேயே முஸ்லிம்கள் முஸ்லிம்களோடு போரிட்டார்கள். மறு ஆண்டு சிஃப்பீன் களத்தில் மீண்டும் போர். கொலை போன்ற பெரும்பாவம் செய்த முஸ்லிம் இன்னும் முஸ்லிம்தானா என்ற கேள்வி, இந்தப் பின்னணியில் பார்த்தால், ஓய்வு நேரத்துத் தத்துவ விசாரணையாக இருந்திருக்க முடியாது. அவன் மார்க்கத்தை விட்டு வெளியேறிவிட்டான் என்றார்கள் காரிஜிய்யாக்கள். அவன் இறைநம்பிக்கையாளனே, தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம் என்றார்கள் முர்ஜியாக்கள். பஸ்ராவின் புகழ்பெற்ற அறிஞர் ஹஸன் அல்-பஸ்ரீயின் அவையைச் சேர்ந்த வாஸில் இப்னு அதா என்பவர், அவன் இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவையிலிருந்து விலகி அமர்ந்ததாகவும், அதனாலேயே விலகியவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு ஏற்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதையை வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சர்ச்சை உண்மையில் நடந்த சர்ச்சை.

ஏகத்துவத்தை அவர்கள் விளக்கிய முறை இன்னும் கடுமையானது. இறைவனின் அறிவும் ஆற்றலும் அவனிலிருந்து வேறான, தொடக்கமற்ற உண்மைகள் என்றால், தொடக்கமற்றவை பலவாகிவிடும் அல்லவா? ஆகவே அவனுடைய அறிவு என்பது அவனையன்றி வேறில்லை என்றார்கள். குணமும் குணியும் ஒன்றா வேறா என்று நம் தத்துவ நூல்கள் நடத்திய வாதத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடம் பழகிய இடமாகவே இருக்கும். குர்ஆனில் இறைவனின் கை என்று வரும்போது அதற்கு ஆற்றல் அல்லது அருட்கொடை என்று பொருள் கொண்டதும், குர்ஆன் இறைவனால் படைக்கப்பட்ட பேச்சு என்று சொன்னதும் இதே தருக்கத்தின் தொடர்ச்சி.

கேள்வி: இந்தச் சிந்தனை கிரேக்கத் தத்துவ நூல்கள் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டதால் வந்தது என்று பல்கலைக்கழக விரிவுரையில் கேட்டேன். சரியா? – மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பாதிக்கும் குறைவாகவே சரி. வாஸில் இறந்தது 748இல். பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 762இல்தான். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற பெரும் மொழிபெயர்ப்பாளர்களும் அல்-கிந்தி என்ற தத்துவ அறிஞரும் அதற்கும் அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். விதை முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே இருந்தது. நடப்பதெல்லாம் விதிப்படியே என்ற கருத்து உமையா ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று பேசிய கைலான் என்பவர், கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் (724–743) கொல்லப்பட்டார். இறைவன் நீதியாளன் என்றால் அவன் கட்டாயப்படுத்திய செயலுக்காக ஒருவனைத் தண்டிக்க மாட்டான் என்ற முஃதஸிலாக்களின் வாதம், அந்த அரசியல் காயத்தின் மேல் எழுந்தது. ஈராக்கின் கிறிஸ்தவர்களோடும் மானி சமயத்தாரோடும் நேருக்கு நேர் நடந்த விவாதங்கள் அதைக் கூர்மையாக்கின.

கிரேக்கச் சரக்கு பின்னால் வந்து சேர்ந்தது. அதற்குள் கலாம் எனப்படும் இறையியல் வாதத் துறைக்குத் தனி நடை உருவாகியிருந்தது: எதிராளி இப்படிச் சொன்னால் நாம் இவ்வாறு சொல்வோம் என்று தடை எழுப்பி விடை சொல்லும் நடை. 'எனின்' என்று தொடங்கித் தடையைத் தாமே எழுப்பிக்கொள்ளும் நம் உரையாசிரியர்களுக்கு அந்த நூல்கள் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

கேள்வி: பிறந்த சில மாதங்களில் நோயால் இறந்த என் தம்பியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், அல்லாஹ்வின் நாட்டத்தில் ஏன் என்று கேட்கக் கூடாது என்பார் என் உம்மம்மா. முஃதஸிலாக்கள் அப்படிக் கேட்டார்களா? – வாசகி, ஈசூன்

பதில்: கேட்டார்கள், பதிலும் சொன்னார்கள். அநீதி தீது, நன்றி மறத்தல் தீது என்பதை மனம் தெளிந்த எவரும் வேதம் வருவதற்கு முன்னரே அறிவர் என்பது அவர்கள் கொள்கை. 1025இல் இறந்த முஃதஸிலா அறிஞர் காழி அப்துல் ஜப்பார் இதை மிக விரிவாக எழுதியிருக்கிறார். அதே சமயம், தொழுகைக்கு எத்தனை ரக்அத், நோன்பு எந்த மாதம் என்பவற்றை அறிவால் கண்டுபிடிக்க முடியாது, அவற்றை வேதமே சொல்ல வேண்டும் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாவற்றையும் அறிவே தீர்மானிக்கும் என்று அவர்கள் சொன்னதாக எழுதுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

குழந்தையின் துன்பம் அவர்களுக்கு உண்மையிலேயே நெருக்கடி. பாவமே செய்யாத உயிர் வலியை அனுபவிப்பது தண்டனையாக இருக்க முடியாது. நீதியான இறைவன் காரணமின்றி வலியைத் தருவதும் முடியாது. எனவே அந்த வலிக்கு மறுமையில் ஈடு உண்டு என்றார்கள். விலங்குகளின் வலிக்கும் ஈடு உண்டு என்று சொல்லும் அளவுக்கு இந்தக் கொள்கையை அவர்கள் நேர்மையாகக் கடைசிவரை கொண்டுபோனார்கள். இந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும், முடிவை ஏற்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பு வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (இறப்பு 936) நாற்பது வயதளவில் முஃதஸிலாப் பள்ளியை விட்டு வெளியேறினார். அவர் தம் ஆசிரியர் அல்-ஜுப்பாயீயிடம் கேட்டதாக ஒரு கேள்வி வழங்குகிறது. மூன்று சகோதரர்கள்: ஒருவன் நல்லவனாக இறந்தான், ஒருவன் பாவியாக இறந்தான், ஒருவன் குழந்தையிலேயே இறந்தான். என்னையும் வளரவிட்டிருந்தால் மூத்தவனைப்போல் உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே என்று குழந்தை முறையிட்டால் என்ன பதில்? நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று அறிந்து, உன் நன்மைக்காகவே முன்னதாக எடுத்துக்கொண்டேன் என்று இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர். அப்படியானால், என்னையும் குழந்தையிலேயே எடுத்திருக்கக் கூடாதா என்று பாவி நரகத்திலிருந்து கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியரிடம் பதில் இல்லை.

கதை பிற்கால நூல்களில் வருவது. மேலும், மனிதனுக்கு மிகவும் நன்மையானதையே இறைவன் செய்தாக வேண்டும் என்று வலியுறுத்தியவர்கள் பக்தாதைச் சேர்ந்த முஃதஸிலாக்கள், ஜுப்பாயீயோ பஸ்ராக்காரர். ஆனாலும் அஷ்அரீ தரப்பு எதைச் சொல்ல விரும்பியது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது: இறைவனின் செயலை நம் நீதி அளவையால் அளந்தால் அளவை பாதியில் முறியும். உங்கள் உம்மம்மாவின் சொல் இந்த மரபிலிருந்து வருவது. ஏன் என்று கேட்காமலேயே இந்த முடிவுக்கு அஷ்அரீ வரவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸமர்க்கந்தின் அல்-மாத்துரீதீ (இறப்பு 944) முஃதஸிலா, அஷ்அரீ ஆகிய இரு தரப்புக்கும் நடுவே நின்று, சில நன்மை தீமைகளை அறிவு தானே உணரும் என்றார்.

கேள்வி: அறிவைப் போற்றியவர்கள் எப்படி அறிஞர்களைச் சிறையில் அடைத்தார்கள்? – வாசகர், தோ பாயோ

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை 827இல் அறிவித்தார். 833இல் பக்தாதின் ஆளுநருக்குக் கடிதம் எழுதி, நீதிபதிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் அழைத்து விசாரித்து ஒப்புதல் பெறும்படி ஆணையிட்டார். மிஹ்னா எனப்படும் சோதனை இதுதான். பெரும்பாலோர் பணிந்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் பணியவில்லை. விலங்கிட்டு அவரை மஃமூனிடம் அனுப்பியபோது வழியிலேயே கலீஃபா இறந்த செய்தி வந்தது. அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியில் அவர் சாட்டையால் அடிக்கப்பட்டார். நம் ஊரில் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது ஷாஃபிஈ சட்டப் பள்ளியை, பின்பற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயரும் இதில் உண்டு: இமாம் ஷாஃபிஈயின் முதன்மை மாணவர் அல்-புவைத்தீ, எகிப்திலிருந்து பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டு, 846இல் சிறையிலேயே இறந்தார். 847இல் ஆட்சிக்கு வந்த முதவக்கில் சில ஆண்டுகளில் இந்தச் சோதனையை நிறுத்தினார்.

மஃமூனுக்கு இறையியலை விட, மார்க்க விஷயத்தில் இறுதிச் சொல் கலீஃபாவுக்கா உலமாக்களுக்கா என்பதே முதன்மையாக இருந்தது என்பது என் கருத்து. ஆனால் அதைச் சொல்லி முஃதஸிலாக்களைத் தப்பவிட முடியாது. சோதனையை முன்னின்று நடத்திய தலைமை நீதிபதி இப்னு அபீ துஆத் அவர்கள் தரப்பைச் சேர்ந்தவர்; அரபு உரைநடையின் மாபெரும் எழுத்தாளர் ஜாஹிஸ் அதை ஆதரித்து எழுதினார். மனிதனின் முதற்கடமை தானே சிந்தித்து இறைவனை அறிவது, பிறர் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது போதாது என்று போதித்த பள்ளி அது. சாட்டை கொண்டு பெற்ற ஒப்புதலுக்கு அந்தப் போதனைப்படி என்ன மதிப்பு என்று அவர்களில் எத்தனை பேர் அன்று கேட்டார்கள்? 1017இல் கலீஃபா காதிர், முஃதஸிலாக் கொள்கையுடைய ஹனஃபி அறிஞர்களை அதைக் கைவிடச் செய்தபோது சாட்டை கை மாறியிருந்தது.

கேள்வி: மார்க்கச் சட்டத்தில் கியாஸ் என்று அறிவைப் பயன்படுத்துகிறார்களே, அது முஃதஸிலாக்கள் தந்ததா? – வாசகர், பிடோக்

பதில்: இல்லை. மது போதை தருவதால் விலக்கப்பட்டது, ஆகவே போதைப்பொருளும் விலக்கப்பட்டது என்று காரணத்தைக் கண்டு சட்டத்தை நீட்டும் முறை சட்ட அறிஞர்களுடையது. கலாம் துறையை விரும்பாத இமாம் ஷாஃபிஈயே (இறப்பு 820) அதற்கு இலக்கணம் வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், முஃதஸிலாக்களில் மிகக் கூர்மையானவராகக் கருதப்பட்ட அந்-நள்ளாம் கியாஸை மறுத்தார். அறிவின் தரப்பு, மரபின் தரப்பு என்று ஒரே கோடு கிழித்து இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

கேள்வி: சிறுவயதில் மலாய்ச் சமய வகுப்பில் சிஃபத் இருபது, அதாவது இறைவனின் இருபது பண்புகள், மனப்பாடம் செய்தேன். முஃதஸிலாக்கள் வழிதவறியவர்கள் என்று உஸ்தாத் சொன்னார். அவர்களுடையது எதுவுமே மிஞ்சவில்லையா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நூல்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. அவர்களைப் பற்றி எதிராளிகள் எழுதியதை வைத்தே பெரும்பாலும் பேச வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் எகிப்திய அறிஞர் குழு ஒன்று யமனுக்குச் சென்று, அங்குள்ள ஸைதீ ஷீஆக்கள் பாதுகாத்துவந்த கையெழுத்துப் படிகளைப் பதிவு செய்தபோது, அப்துல் ஜப்பாரின் பெருநூலில் பல பாகங்கள் கிடைத்தன. ஸைதீக்கள் முஃதஸிலா இறையியலைப் பெரிதும் தமதாக்கிக்கொண்டவர்கள். சுன்னிகளிடமும் ஒரு நூல் தடையின்றி வாழ்ந்தது: ஒரு வீட்டுக்குப் போனால், முஃதஸிலா அபுல் காஸிம் வந்திருக்கிறேன் என்று வாசலில் அறிவிப்பாராம், அபுல் காஸிம் என்றும் அழைக்கப்பட்ட ஸமக்ஷரீ (இறப்பு 1144). அவருடைய குர்ஆன் விரிவுரையின் மொழி நுட்பத்துக்காக, கொள்கையை வடிகட்டிவிட்டுச் சுன்னி அறிஞர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தெற்காசிய மதரஸாக்களில் ஓதப்படும் பைளாவீயின் விரிவுரை அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

நீங்கள் மனப்பாடம் செய்த இருபது பண்புகளுக்கு வருவோம். அந்தப் பாடத்தின் மூலம் இன்றைய அல்ஜீரியாவின் திலிம்சானைச் சேர்ந்த அஸ்-ஸனூஸி (இறப்பு 1490) எழுதிய சிறு நூல். அது வேத வசனத்தை எடுத்துக்காட்டித் தொடங்குவதில்லை; அறிவின் தீர்ப்பு மூன்று வகை, இருந்தே தீர வேண்டியது, இருக்கவே முடியாதது, இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடியது என்று தொடங்குகிறது. மலாயில் ஹுக்கும் அக்கால் என்று நீங்கள் ஓதியிருப்பது இதைத்தான். முஃதஸிலாக்களை வெல்ல அவர்களுடைய கருவியையே அஷ்அரீகள் கையில் எடுத்ததன் விளைவு இது.

பட்டியலின் கடைசி ஏழு பண்புகளைக் கவனியுங்கள். ஆற்றல், நாட்டம், அறிவு, உயிர், கேட்டல், பார்வை, பேச்சு என்று ஏழு பண்புகளைச் சொன்ன பிறகு, ஆற்றலுடையவனாக இருத்தல், நாட்டமுடையவனாக இருத்தல் என்று அதே ஏழும் மீண்டும் வருகின்றன. சொன்னதையே ஏன் திரும்பச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் குழம்புவது இயல்பு. பண்பு என்று தனியாக ஒன்று இல்லை, ஆனால் அப்படி 'இருத்தல்' என்ற ஒரு நிலை உண்டு என்ற கருத்து இதற்குப் பின்னால் இருக்கிறது. அதை முதலில் வகுத்தவர் அஷ்அரீயின் ஆசிரியரான ஜுப்பாயீயின் மகன் அபூ ஹாஷிம் (இறப்பு 933). தந்தையைப் போலவே முஃதஸிலா. அஷ்அரீப் பள்ளியின் பாக்கில்லானீயும் ஜுவைனீயும் அதை எடுத்து ஆண்டார்கள். பிறகு அஷ்அரீ அறிஞர்களிலேயே பலர் நிலை என்ற ஒன்றை மறுத்து, பண்புகள் பதின்மூன்றே என்று எண்ணினார்கள். உங்கள் உஸ்தாத் பதின்மூன்றோடு நிறுத்தாமல் இருபதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.