கேள்வி – பதில்: சபின்ட்சாவின் நீலச் சிலுவைகள்

கேள்வி: ருமேனியக் கிராமம் ஒன்றில் இருக்கும் 'சிரிக்கும் கல்லறை' பற்றிப் படித்தேன். இறந்தவரின் குடியையும் குணக்கேட்டையும் சிலுவையில் எழுதி வைக்கிறார்களாமே, தகுமா? குடும்பத்தார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

பதில்: பொறுத்துக்கொள்வது என்ன, அவர்களேதான் கேட்டு வாங்குகிறார்கள்! அந்த ஊரின் பெயர் சபின்ட்சா. ருமேனியாவின் வடகோடியில், மராமுரேஷ் மாவட்டத்தில், டீசா ஆற்றை ஒட்டி சுமார் 3,000 பேர் வாழும் ஊராட்சி. அக்கரையில் உக்ரைன்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் ஸ்டான் இயோன் பட்ராஷ் என்ற தச்சர் (1908–1977). 1935 வாக்கில் சிலுவைகளில் பாட்டு எழுத ஆரம்பித்தார். ஓக் மரப் பலகையை நன்றாக உலர்த்தி, பென்சிலால் எழுத்தைக் கோடிட்டு, உளியால் செதுக்கி, பிறகு வண்ணம் பூசுவார். பின்னணிக்கு எப்போதும் ஒரே நீலம். அதற்குச் 'சபின்ட்சா நீலம்' என்றே பெயராகிவிட்டது. சிலுவையின் தலையில், மழை படாதபடி இரண்டு பலகை சேர்த்த சின்னக் கூரை. அதன் கீழே இறந்தவரின் படம்: தறியில் நெய்கிறவள், ஆடு மேய்க்கிறவர், ட்சுயிக்கா என்ற பிளம் சாராயப் புட்டியோடு உட்கார்ந்திருப்பவர்.

பாட்டு பெரும்பாலும் இறந்தவரே பேசுவதாக இருக்கும். 'இங்கே நான் இளைப்பாறுகிறேன், என் பெயர் இன்னது' என்று ஊர்ப்பேச்சில் தொடங்கும். ஆகவே அதைக் கேலி என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடித்தவர் தன் வாயாலேயே குடித்தேன் என்கிறார். அவர் குடித்தது ஊருக்கே தெரியும். சிலுவையில் மட்டும் உத்தமர் என்று எழுதினால் யாரை ஏமாற்றுவது? பட்ராஷுக்குப் பிறகு அவருடைய சீடர் துமித்ரு போப்பும் இதே நேர்மையோடுதான் செதுக்கினார்.

சுற்றுலா வருபவர்கள் மாமியார் சிலுவையைத் தேடிப் போகிறார்கள். இன்னும் மூன்று நாள் அவள் உயிரோடிருந்தால் நான் இங்கே படுத்திருப்பேன், அவள் இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று மருமகப்பிள்ளை பாடுவது அது. சிரிக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் சிலுவையும் அங்கே இருக்கிறது. படத்தில் கார், அதன் முன்னால் சிறுமி. சிபியு நகரத்திலிருந்து வந்த டாக்சியை அந்தக் குழந்தையே சபிக்கிறது: இத்தனை பெரிய ருமேனியாவில் உனக்கு நிற்க வேறு இடமா கிடைக்கவில்லை, என் வீட்டு வாசலில்தானா வந்து மோத வேண்டும்? அதைப் படித்த பிறகு 'சிரிக்கும் கல்லறை' என்ற பெயரை மனம் ஒப்பிச் சொல்ல என்னால் முடிவதில்லை.

கேள்வி: அந்த ஊருக்கு வேறு வரலாறு உண்டா?

பதில்: நிறைய உண்டு. பட்ராஷ் பிறந்தபோது ஊர் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியா, 1940இல் ஹங்கேரி, போர் முடிந்ததும் மறுபடி ருமேனியா, அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சி. பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு இத்தனை ஆட்சிகளைப் பார்த்தவர் அவர்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நீலச் சிலுவைகள் ஊரின் கிறிஸ்தவர்களுக்கு உரியவை. அதே ஊரில் யூதர்களும் வாழ்ந்தார்கள். யோசெப் மேயிர் வைஸ் (1838–1909) என்ற ரப்பியை, அதாவது யூத மதகுருவை, நாடித் தூரத்து ஊர்களிலிருந்து பக்தர்கள் வந்தார்கள். யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் ஊரை 'ஸ்பிங்கா' என்றார்கள். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தில் அந்த ரப்பி தொடங்கிய குரு பரம்பரைக்கும் அதுவே பெயரானது. 1944இல் மராமுரேஷ் யூதர்களை ரயிலில் அடைத்து ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ரப்பியின் மகன் இத்சாக் ஐசிக் வைஸும் அங்கேதான் கொல்லப்பட்டார்.

அவர்களுக்குச் செதுக்கிவைக்கப் பலகையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் இன்றும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் அந்தப் பரம்பரையினர் தங்களை ஸ்பிங்கா என்றே அழைத்துக்கொள்கிறார்கள். டீசா கரைச் சிற்றூரின் பெயர் அங்கே தினமும் தொழுகைக்கூட வாசலில் ஒலிக்கிறது.