பிசையாமல் பிடிக்கும் கிராப் கேக்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் கொலம்பியாவுக்கு வந்து எட்டு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவியின் பிறந்தநாளுக்கு பால்டிமோர் துறைமுகப் பக்கம் ஓர் உணவகத்துக்குப் போய் கிராப் கேக், அதாவது நண்டுச் சதையைச் சேர்த்துப் பிடித்து வேகவைத்த பலகாரம், சாப்பிட்டார்களாம். மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'மார்க்கெட் பிரைஸ்' (அன்றைய சந்தை விலை) என்று மட்டும் போட்டிருந்ததை இவர் கவனிக்கவில்லை. பில் வந்ததும் திகைத்துப் போயிருக்கிறார். அப்புறம் வீட்டிலேயே செய்து பார்த்தார். தோசைக்கல்லில் போட்டுத் திருப்பியதும் உதிர்ந்துவிட்டது. உதிராமல் இருக்க பிரெட் தூளைக் கூட்டினால் கட்லட் ஆகிவிட்டது. அக்டோபரில் மாமனார், மாமியார் வருகிறார்கள், அதற்குள் கடையில் கிடைப்பது மாதிரி செய்ய வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு தம்பி. நான் மேரிலாந்துக்கு வந்து 19 வருடம் ஆகிறது. நீங்கள் செய்த தப்பை நானும் செய்தேன், கூடவே இன்னும் நாலு தப்பு. இஞ்சி பூண்டு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, போதாததற்கு வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று. காசைக் கொட்டி வாங்கிய நண்டுச் சதையை வடை மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சுறாப் புட்டு நல்லா இருக்கு" என்றார். மனிதர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சுறாப் புட்டு என்றுதான் நினைத்திருக்கிறார்.

நம் கை சும்மா இருக்காது, அதுதான் விஷயம். நண்டு என்றாலே மிளகு, சோம்பு, தேங்காய் என்று கை போய்விடுகிறது. இந்த ஊர்க்காரர்கள் கிராப் கேக்கில் தேடுவது நண்டை மட்டும்தான். நல்ல கடையில் சதையைச் சேர்த்துப் பிடிப்பதற்கு எவ்வளவு குறைவாக மாவுப்பொருள் போடலாம் என்பதில்தான் போட்டியே. 'இதில் ஒன்றுமே கலப்பில்லை' என்று சொன்னால் அதுதான் பெரிய பாராட்டு.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். முழு நண்டை வாங்கி உடைத்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு டஜன் நண்டை உடைத்தாலும் ஒரு பவுண்டு சதை தேறுமா என்பது சந்தேகம், அரை நாளும் போய்விடும். கடையில் மீன் பகுதியில் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் டப்பாவில் சதை மட்டும் கிடைக்கும். அதில் சாதி பார்க்க வேண்டும். ஜம்போ லம்ப் என்பது நண்டு நீந்தப் பயன்படுத்தும் பின்கால்களை அசைக்கிற இரண்டு பெரிய தசைகள்; வெள்ளைவெளேர் என்று உருண்டையாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. அடுத்தது லம்ப், அது கொஞ்சம் சிறிய துண்டுகள். பேக்ஃபின், ஸ்பெஷல் என்பவை இன்னும் உதிரியானவை. கிளா என்றால் கொடுக்குச் சதை, பழுப்பாக இருக்கும், விலை குறைவு, நண்டு வாசனை தூக்கலாக இருக்கும். எனக்குக் கேட்டால் கேக்குக்கு வெறும் ஜம்போ லம்ப் அனாவசியம். துண்டு பெரிதாக இருப்பதால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது, முதல் தடவை செய்பவருக்கு அழுகைதான் வரும். லம்ப் ஒரு டப்பா வாங்குங்கள். கொஞ்சம் பழகிய பிறகு இரண்டையும் பாதிப் பாதி கலந்து செய்யலாம். 'இமிட்டேஷன்' என்று எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது மீனை அரைத்து, சிவப்புச் சாயம் தடவியது.

டப்பாவில் எந்த நாடு என்று சின்ன எழுத்தில் இருக்கும், படியுங்கள். இந்தப் பக்கத்துச் செசபீக் விரிகுடாவின் நீல நண்டு குளிர்காலத்தில் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். அந்த மாதங்களில் இங்கே பிடிக்க மாட்டார்கள். வருடம் முழுக்கக் கிடைக்கும் பாஸ்சுரைஸ் செய்த டப்பாக்கள் பெரும்பாலும் ஆசிய நாடுகளிலிருந்து வருபவை, அது வேறு இன நண்டு. ஒருநாள் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், 'இந்தியா' என்று இருந்தது. எனக்கு மண்டபம் பக்கம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் மாட்டுகிற நம் நீலக்கால் நண்டு இங்கே ஏற்றுமதியாகிறது. எங்கள் ஊர்ப் பக்கப் பெண்கள் கம்பெனியில் உட்கார்ந்து ஓடு நீக்கிக் கொடுத்த சதையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தபடி, கடையில் நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். சரி, அதை விடுங்கள். ருசியில் செசபீக் நண்டுக்குத்தான் இனிப்பும் கொழுப்பும் அதிகம் என்பதை மண்டபத்துக்காரியாக இருந்தும் ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று: பாஸ்சுரைஸ் செய்த டப்பா டின் மாதிரி இருந்தாலும் அது அலமாரியில் வைக்கிற சாமான் இல்லை, ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். திறந்த பிறகு ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.

சதையைத் தண்ணீரில் அலசாதீர்கள். ருசி எல்லாம் சிங்க்கில் போய்விடும். அகலமான தட்டில் பரப்பி, விரல் நுனியால் மெல்லத் தடவி ஓட்டுத் துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், ஆனால் கட்டிகளை உடைக்கக் கூடாது.

ஒரு பவுண்டு சதைக்கு ஒரு முட்டை, கால் கப் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் டிஜான் கடுகு விழுது, ஒரு டீஸ்பூன் வூஸ்டர்ஷயர் சாஸ் (கடையில் வாயால் கேட்க முயற்சி செய்யாதீர்கள், அமெரிக்கர்களே தடுமாறுவார்கள்), ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒன்றரை டீஸ்பூன் ஓல்ட் பே மசாலாப் பொடி, கொஞ்சம் பார்ஸ்லி. உப்பு வேண்டாம், சால்டின் பிஸ்கட்டிலும் ஓல்ட் பேயிலும் இருப்பதே போதும். பன்னிரண்டு சால்டினைக் கையால் நொறுக்கி இந்தக் கலவையில் போட்டு, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். அதற்குப் பிறகுதான் நண்டு. இங்கேதான் நாம் சறுக்குவது. கரண்டியால் கிண்டக் கூடாது. பாத்திரத்தின் அடியிலிருந்து கையால் அள்ளிப் புரட்டுங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை, அவ்வளவுதான். பார்க்கும்போது 'இது எங்கே ஒட்டப்போகிறது' என்றுதான் தோன்றும். தோன்றட்டும். மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சால்டின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாக இறுகிவிடும். உங்களுக்கு உதிர்ந்ததற்கு இந்த ஒரு மணி நேரத்தை விட்டதும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தோசைக்கல். பல நல்ல கடைகளில் இதைத் திருப்புவதே இல்லை. ஓவனில் மேலிருந்து வரும் சூட்டில் வேகவைக்கிறார்கள். கலவையை நாலாகப் பிரித்து, பிடி கொழுக்கட்டைக்குக் கொடுக்கிற அழுத்தம்கூட இல்லாமல், குவியலாகப் பிடியுங்கள். தட்டையாக்க வேண்டாம். வெண்ணெய் தடவிய தட்டில் வைத்து, மேலேயும் உருக்கிய வெண்ணெயைத் தொட்டு வைத்து, 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 முதல் 14 நிமிடம். கடைசி ஒன்றிரண்டு நிமிடம் பிராயிலரை (ஓவனில் மேலிருந்து மட்டும் வரும் சூடு) போட்டால் உச்சியில் பொன்னிறம் ஏறும். அந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்காதீர்கள், அரை நிமிடத்தில் கருகும். அபார்ட்மென்ட் என்றால் புகை அலாரம் வேறு கத்தி மாடி முழுக்க எழுப்பிவிடும், எக்ஸாஸ்ட் ஃபேனை முதலிலேயே போட்டுவிடுங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடம் ஆற விட்டுத்தான் தட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஓல்ட் பேக்குப் பதில் நம் மசாலா போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் அது வேறு பலகாரம். ஓல்ட் பே என்பது செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா எல்லாம் சேர்ந்த பொடி. அதை உண்டாக்கிய குஸ்டாவ் பிரன், நாஜி ஜெர்மனியில் புக்கன்வால்ட் முகாமில் அடைபட்டு, விடுபட்டு, மசாலா அரைக்கும் சிறிய இயந்திரத்தோடு பால்டிமோருக்கு வந்து சேர்ந்த யூதர். 1939-இல் இங்கே மசாலா வியாபாரம் தொடங்கினார். மிக்ஸியைத் துணிக்குள் சுற்றி விமானத்தில் கொண்டுவந்த எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு பிரியம். நான் விசாவோடு வந்தவள், அவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர், அந்த வித்தியாசமும் தெரியும். இன்று மேரிலாந்துக்காரர்கள் அவர் பொடியைச் சோளக்கதிரிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும்கூடத் தூவுகிறார்கள்.

உங்கள் மாமனார் அக்டோபரில் வருவது நல்ல நேரம். குளிர்காலத்துக்கு முன்னால் நண்டு கொழுத்திருக்கும், உள்ளூர்ச் சதையும் கிடைக்கும். அவர்களுக்கு நண்டு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காரம் இல்லாமல் என்ன சாப்பாடு என்று அவர் கேட்கப்போவது உறுதி. அதற்காகக் கேக்கில் மிளகாயைப் போட்டுவிடாதீர்கள். தொட்டுக்கொள்ள ஒரு வரமிளகாய்ச் சட்னி தனியாக வையுங்கள். அப்படியே ஒரு கிளா டப்பாவும் வாங்கி வைத்தால், மறுநாள் மத்தியானம் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நம் ஊர் மாதிரி வறுத்துவிடலாம். அதை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டுங்கள்.